அது அஞ்சலிக் கோபுரம் அல்ல

ஸ்பெயினின் பெஞாஃபியேல் கோட்டையைப் பற்றிய தமிழ்க் காணொளி ஒன்றில், நடுவில் நிற்கும் பெரிய கோபுரத்தை ‘அஞ்சலிக் கோபுரம்’ என்றார்கள். இந்தப் பெயரை ஏற்கெனவே நாலைந்து தடவை கேட்டாயிற்று. அஞ்சலி என்றதும் நமக்குக் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியும் மலர்வளையமும்தான் நினைவுக்கு வரும். 34 மீட்டர் உயரத்துக்கு யாருக்கோ நினைவிடம் கட்டியிருக்கிறார்கள் என்றே கேட்பவர் நினைப்பார்.

ஸ்பானிய மொழியில் அது ‘தோர்ரே தெல் ஒமெனாஹே’. தோர்ரே கோபுரம், ஒமெனாஹேவின் வேர், மனிதன் என்று பொருள்படும் லத்தீன் ‘ஹோமோ’. ‘நான் உங்கள் ஆள்’ என்று ஒரு பிரபுவுக்குக் கொடுக்கும் வாக்குதான் ஒமெனாஹே. கோட்டைப் பொறுப்பை ஏற்கும் அல்கைதே, கேட்டபோது திருப்பித் தருவேன் என்று இப்படி வாக்குக் கொடுக்க வேண்டும். அது நடந்த இடம் என்பதால்தான் கோபுரத்துக்கு இந்தப் பெயர் என்பார்கள். இன்றைய ஸ்பானியத்தில் மறைந்த கலைஞருக்குச் செய்யும் மரியாதையும் ஒமெனாஹேதான். அந்தப் பொருளை அகராதியில் பார்த்து, 15ஆம் நூற்றாண்டுக் கல்லில் ஒட்டிவிட்டார்கள்.

அஞ்சலி என்றால் கைகூப்புதல்தானே, கைகூப்பித்தானே வாக்குக் கொடுத்தார்கள் என்று நண்பர் ஒருவர் வாதாடினார். பிரான்சுக்கு அது சரி. கூப்பிய கைகளைப் பிரபு தன் கைகளுக்குள் வாங்கிக்கொள்வார். ஆனால் பெஞாஃபியேல் இருக்கும் காஸ்தீல் பகுதியில், பிரபுவுக்கு ஆளாவதற்குப் பொதுவான வழக்கம் அவர் கையை முத்தமிடுவது. அப்புறம், வேர்ப்பொருள் எதுவானாலும் இன்று வாசிப்பவர் காதில் விழுவது இரங்கல்தான்.

‘காவற்கோபுரம்’ என்பதும் பொருந்தாது. எதிரி வருகிறானா என்று பார்க்கும் கோபுரத்துக்கு ‘அதலாயா’ என்று தனிச்சொல் இருக்கிறது. இதுவோ மதில் விழுந்த பிறகும் கடைசியாகப் புகுந்து நின்று போராடும் இடம். பெஞாஃபியேலில் குன்றின் முதுகில் கப்பல்போல 210 மீட்டர் நீளும் கோட்டையை இரண்டு முற்றங்களாகப் பிரித்து நிற்கிறது.

பக்தி இலக்கியத்தின் ‘ஆட்படுதல்’ ஒமெனாஹேவுக்கு அச்சாகப் பொருந்தும். ஆனால் ‘ஆட்படு கோபுரம்’ நாவில் இடறுகிறது. ஆணையிட்டுச் சொல்லும் உறுதிக்குச் ‘சூள்’ என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது. ‘சூளுறவுக் கோபுரம்’ என்பேன். பெஞா என்றால் பாறை, ஃபியேல் என்றால் வாக்குத் தவறாத. ஊர்ப் பெயரோடும் அது ஒட்டி நிற்கிறது.

சூள் யாருக்குப் புரியும் என்று மொழிபெயர்ப்பாளர்கள் கேட்பார்கள். முதல் தடவை வரும்போது ‘அல்கைதே பிரபுவுக்கு வாக்குக் கொடுத்த கோபுரம்’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.