புது வீட்டிலும் மலேரியா வரும்: வலை அடியுங்கள், தொட்டியை மூடுங்கள்

போன வாரம் மறுபடியும் ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு வைவாக்ஸ் என்ற வகை மலேரியா. "ஓலை வீட்டைப் பிரிச்சுட்டு மெத்தை வீடு கட்டி ஆறு மாசம்தான் ஆகுது டாக்டரம்மா. பக்கத்துல சாக்கடைகூட இல்ல, மலேரியா எப்படி வரும்?" என்றார் தாய். இந்தக் கடலோர ஊர்களில் இதே கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

சாக்கடையை விடுங்கள். அதில் வளர்வது கியூலக்ஸ் கொசு. அது யானைக்கால் நோயைப் பரப்பும். மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸுக்கு நல்ல தண்ணீர் வேண்டும். கிணறு, மூடி உடைந்த மாடித் தொட்டி, சிமென்ட் தொட்டி. வீடு கட்டும்போது தளத்தில் பாத்தி கட்டி நிறுத்துகிறோமே, அந்தத் தண்ணீரிலும் முட்டையிடும். முட்டை கொசுவாகப் பத்து நாள் போதும். நீங்கள் புழங்கும் தண்ணீரில்தான் வளர்கிறது என்றால் சிலருக்குக் கோபம் வருகிறது. வரட்டும். இன்றைக்கே மாடி ஏறித் தொட்டி மூடியைப் பாருங்கள்.

நல்ல வீடு மலேரியாவைக் குறைக்கும், சந்தேகமே இல்லை. இலங்கையின் கதிர்காமத்தில் செய்து 1991-ல் வெளியிட்ட ஆய்வில், பூசிய செங்கல் சுவரும் ஓட்டுக் கூரையும் உள்ள வீட்டாரைவிட, மண்சுவர், ஓலைக்கூரை வீட்டாருக்கு மலேரியா ஆபத்து சுமார் இரண்டரை மடங்கு இருந்தது. ஓலை வீட்டில் சுவருக்கும் கூரைக்கும் நடுவே இருக்கும் சந்து போதும், கொசு உள்ளே வந்துவிடும். ஆப்பிரிக்காவின் காம்பியாவில் அந்தச் சந்தை அடைத்து, கதவு சன்னலுக்கு வலை அடித்தார்கள். வீட்டுக்குள் வரும் கொசு பாதிக்கும் கீழே போனது; குழந்தைகளின் ரத்தசோகையும் குறைந்தது. 2009-ல் வந்த ஆய்வு அது.

அந்த மெத்தை வீட்டுக்கு நானே போய்ப் பார்த்தேன். நான்கு வென்டிலேட்டர், ஒன்றுக்கும் வலை இல்லை. "வலையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்னு கொத்தனார் சொன்னார்" என்றார்கள். வீடு கட்டுகிறவர்களே, அப்புறம் என்று விடாதீர்கள். வாசல் டைல்ஸ் காத்திருக்கட்டும், வலையை முதலில் அடியுங்கள். இருட்டுவதற்கு முன் கதவைச் சாத்துங்கள். தொட்டியை வாரம் ஒருமுறை காலி செய்து, தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள். கிணற்றில் விட, கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீன் வேண்டுமென்று சுகாதார ஆய்வாளரிடம் கேளுங்கள். வீட்டில் வலை அடித்திருந்தாலும் படுக்கைக்குக் கொசுவலை வேண்டும்.

இன்னொன்று, கெஞ்சிக் கேட்கிறேன். நாங்கள் தரும் 14 நாள் மாத்திரையைக் காய்ச்சல் விட்டதும் நிறுத்தாதீர்கள். வைவாக்ஸ் கிருமி கல்லீரலில் ஒளிந்திருந்து மாதக்கணக்கில் கழித்தும் திரும்ப வரும். அந்தப் பிள்ளைகளுக்கு இன்று ஆறாம் நாள். இன்னும் எட்டு நாள் பாக்கி.