கதவை மாற்றினால் நிலையையும் மாற்ற வேண்டும்

பள்ளத்தூரில் பெரியப்பா வீட்டு முற்றத்தை ஒட்டிய அறையில் 2011-இல் வாங்கிய கம்ப்யூட்டர் ஒன்று அண்மைவரை ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே அதன் மூளையாக இன்டெல் கோர் ஐ3-2100 என்ற பிராசஸர். “மூளைய மட்டும் மாத்திக் குடுத்துருப்பா, மத்ததெல்லாம் நல்லாத்தானே இருக்கு” என்றார். நியாயமான ஆசைதான். அது ஏன் நடக்காது என்று அவருக்கு விளக்கியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காரைக்குடியில் பழைய வீட்டுத் தேக்குக் கதவு வாங்குகிறவர்கள் நிலையையும் சேர்த்தே கேட்பார்கள். அந்தக் காலத்துக் கதவுகள் பலவற்றுக்குக் கீல் கிடையாது. மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும் குடுமிதான் கதவைச் சுழற்றும். அது உட்காரும் குழி நிலையில் இருக்கும். வேறு நிலையில் அந்தக் கதவு நிற்காது. பிராசஸருக்கும், எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டு என்ற பலகையில் அது உட்காரும் சாக்கெட்டுக்கும் இதே உறவுதான்.

ஐ3-2100-இன் அடியில் 1155 தொடுபுள்ளிகள். 2022-இல் வந்த ஐ3-12100-இல் 1700. இத்தனை எதற்கு? ராம் (வேலை நடக்கும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்), கிராபிக்ஸ் கார்டு, டிஸ்க் ஆகியவற்றோடு பேச ஒரு பகுதி போகிறது. பெரும் பகுதி மின்சாரத்துக்கே போகிறது. பிராசஸர் கேட்பது சுமார் 1.2 வோல்ட். 60 வாட் சக்தியை அந்த வோல்ட்டேஜில் கொடுக்க 50 ஆம்பியர் பாய வேண்டும். ஒன்றரை டன் ஏசி எடுப்பதே ஏழெட்டு ஆம்பியர்தான்! தீப்பெட்டி அளவுகூட இல்லாத பொருளுக்குள் அத்தனை மின்னோட்டத்தைச் சாக்கெட்டில் இருக்கும் ஒரே ஊசி வழியாக அனுப்பினால் ஊசி உருகிவிடும். அதனால் நூற்றுக்கணக்கான ஊசிகள் பங்கு போட்டுக்கொள்கின்றன.

வீட்டு மின்சாரத்தை இறக்கித் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி அனுப்புவது 12 வோல்ட். அதை 1.2 ஆக இறக்கும் வேலை மதர்போர்டில், சாக்கெட்டை ஒட்டியே நடக்கிறது. மூடியைத் திறந்து பாருங்கள், சாக்கெட்டின் ஓரத்தில் சதுரச் சதுரமாகக் காயில்கள் வரிசையாக நிற்கும். தெருமுனையில் டிரான்ஸ்பார்மர் வைப்பதும் இதே காரணத்தால்தான். குறைந்த வோல்ட்டேஜில் அதிக மின்னோட்டம் தூரம் போனால் வழியிலேயே சூடாகி வீணாகும். புது பிராசஸர் எவ்வளவு கேட்கும், எந்த நொடியில் கேட்கும் என்பது பழைய போர்டுக்குத் தெரியாது. எண்ணிக்கை ஒத்துப்போனாலும் போதாது. 2017-இல் வந்த எட்டாம் தலைமுறை பிராசஸர்கள் முந்தைய 1151 சாக்கெட்டில் அப்படியே உட்காரும். அந்தப் பழைய போர்டுகள் அவற்றுக்கானவை அல்ல.

சரி, போர்டை மாற்றுகிறோம். ராம்? அதுவும் போகும். முன்பெல்லாம் ராமோடு பேசும் பகுதி மதர்போர்டில் தனிச் சில்லாக இருந்தது. இன்டெல் அதை 2008-இல் பிராசஸருக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது. ராமிலும் டிடிஆர்3, 4, 5 என்று தலைமுறைகள் உண்டு. ஐ3-12100 டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டோடும் பேசும்; பழைய கம்ப்யூட்டரில் இருக்கும் டிடிஆர்3 அதற்குத் தெரியாது. தவறாகச் செருகாமல் இருக்க ராமின் அடியிலுள்ள வெட்டையே இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள்.

கேபினட், மானிட்டர், சாட்டா டிஸ்க் எல்லாம் பெரும்பாலும் தப்பிவிடும். எஸ்.எம்.பி.எஸ். பத்து வருடம் தாண்டியிருந்தால் நான் வைத்துக்கொள்ள மாட்டேன். பிராசஸரைக் குளிர்விக்கும் பழைய ஃபேனும் மாட்டாது: அதன் திருகுத் துளைகளுக்கு இடையே 75 மில்லிமீட்டர், 1700 சாக்கெட்டில் 78. அந்த மூன்று மில்லிமீட்டரை இழுத்துப் பிடித்து மாட்டப் பார்க்காதீர்கள், போர்டு வளைந்துவிடும்.

செலவு முடியாது என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு, சுழலும் தட்டு இல்லாத வேகமான எஸ்.எஸ்.டி. போடுங்கள், மெதுவாக ஓடும் குறையில் பாதியை அதுவே தீர்க்கும். ஆனால் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கான பட்டியலில் ஐ3-2100 இல்லை. பெரியப்பா வீட்டில் போர்டு மாற்றியதற்கு அதுதான் காரணம்.

பிராசஸரின் மூலையில் இருக்கும் சின்னத் தங்க முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு சேர்த்து, மேலிருந்து மெதுவாக வைத்தேன். அழுத்தவே கூடாது. நெம்புகோலை இறக்கும்போது மட்டும் கரகரவென்று ஒரு சத்தம் வரும். ஊசிகள் ஒன்றாக அமுங்குகின்றன, பயம் வேண்டாம். அப்புறம் பிராசஸரின் முதுகில், ஃபேனின் உலோக அடிப்பாகம் வந்து உட்காரும் இடத்தில், வெப்பத்தைக் கடத்தப் பட்டாணி அளவு பேஸ்ட். “இவ்வளவு வழவழன்னு இருக்கே, இதுக்கு எதுக்குப்பா பேஸ்ட்டு?” என்று கேட்டார். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசி இழைத்த அவர் வீட்டுச் சுவரும் கைக்கு வழவழப்புதான். நுண்ணோக்கியில் மேடும் பள்ளமுமாகத் தெரியும். உலோகமும் அப்படியே. அந்தப் பள்ளங்களில் நிற்கும் காற்று, செம்பைவிடப் பத்தாயிரம் மடங்குக்கு மேல் மோசமாக வெப்பத்தைக் கடத்தும். பேஸ்ட் அந்தக் காற்றை வெளியேற்றுகிறது, அவ்வளவே. தடிமனாகப் பூசினால் அதுவே குறுக்கே நிற்கும்.

சுவிட்சைப் போட்டதும் ஃபேன் சுற்றியது, திரை மட்டும் கருப்பாகவே இருந்தது. பெரியப்பா என்னைப் பார்த்தார். புது ராமோடு முதல் முறை பேசும்போது, சிக்னல் எந்தக் கணத்தில் வந்து சேர்கிறது என்று பிராசஸர் ஒவ்வொரு கம்பியாகச் சோதித்து நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது. அரை நிமிடமோ அதற்கு மேலோ ஆகலாம். பதறி அணைத்துவிடக் கூடாது. பெரியம்மா காபி கொண்டுவந்து வைப்பதற்குள் திரையில் எழுத்து வந்துவிட்டது.