கயிற்றைத் தொப்புள் உயரத்தில் வெட்டுங்கள்

கடந்த தேர்ச்சி அறிக்கை நாளன்று, மகனின் கணிதப் புள்ளிகளைப் பார்த்து முடித்த ஒரு தாயார் எழுந்து போகாமல் நாற்காலியிலேயே அமர்ந்திருந்தார். "கைப்பேசியப் பிடுங்கினா சோறு இறங்க மாட்டேங்குது சார். நீங்க பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்குற, கயித்துல ஏறி எறங்குற அந்த யோயோவ ஒண்ணு வாங்கிக் குடுத்தா இதை மறந்துருவானா?" என்று கேட்டார். வெளியே பத்துப் பேர் காத்திருந்ததால், "வாங்குங்கள், ஆனால் எதை வாங்குவது என்று என்னைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அவர் கேட்கவில்லை. மறுவாரமே பையன் பளபளக்கும் நீல நிற உலோக யோயோவுடன் வந்தான். அதற்கு அடுத்த வாரம் அது புத்தகப் பையின் அடியில் கிடந்தது, கைப்பேசி பழைய இடத்திற்கே திரும்பியிருந்தது. அன்று அவரிடம் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியில் 14 ஆண்டுகளாக அறிவியலும் கணிதமும் கற்பிக்கிறேன். கணினிக்கூடமும் என் பொறுப்பில்தான் இருக்கிறது. எந்த ஆசிரியரின் மடிக்கணினி மூச்சு நின்றாலும், எந்த மாணவன் கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளமான டெலிமாவின் கடவுச்சொல்லை மறந்தாலும், ஒளிபடக்காட்டியின் கம்பி எங்கே தளர்ந்தாலும் அழைப்பு எனக்கே வரும். ஆகவே திரையைப் பழித்துப் பேசுகிறவன் என்று என்னை யாரும் நினைத்துவிட வேண்டாம். என் பிழைப்பில் பாதி அதில்தான் ஓடுகிறது. யோயோ என் கைக்கு வந்ததும் திரையின் வழியாகத்தான். 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கி, ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டின் சாப்பாட்டு மேசையே வகுப்பறையாகிவிட்ட மாதங்களில், ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் இடையில் கிடைத்த பத்து நிமிடத்தை நானும் கைப்பேசியிலேயே கழித்துக்கொண்டிருந்தேன். தோள்பட்டையும் கட்டைவிரலும் வலிக்கத் தொடங்கிய பிறகுதான், அலமாரியில் கிடந்த பழைய யோயோ ஒன்றை எடுத்துச் சுழற்றிப் பார்த்தேன். ஒரு நாள் ஒளிப்படக் கருவியை அணைக்க மறந்து நான் சுழற்றியதை, சீக்கிரமே உள்ளே நுழைந்துவிட்ட ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் ஏழெட்டுப் பேர் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டு முழுவதும் என் இயங்கலை வகுப்புக்கு யாரும் தாமதமாக வந்ததில்லை.

கைத்திறன் விளையாட்டுப் பொருள் திரைக்கு மாற்று மருந்தன்று. பிள்ளையின் கைக்கு அது ஒரு வேலை, அவ்வளவுதான். அந்த வேலைக்கேற்ற கருவியையும் கயிற்றையும் இடத்தையும் பெரியவர்கள் அமைத்துக் கொடுத்தால் பிள்ளை தானாகவே அதில் ஊன்றிவிடும். அமைத்துக் கொடுக்காவிட்டால் ஒரு வாரத்தில் சலித்துவிடும், சில வேளைகளில் அடியும் படும். நான் பார்த்தவரையில், யோயோவைக் கைவிட்ட மாணவர்களில் பெரும்பாலோர் திறமைக் குறைவால் கைவிடவில்லை. அவர்களுக்குக் கிடைத்த கருவி தவறானதாக இருந்தது.

அந்த நீல யோயோவையே எடுத்துக்கொள்வோம். "சார், இது ரோசாக் சார், கீழ போனா திரும்ப வரவே மாட்டேங்குது" என்று பையன் முறையிட்டான். அது பழுதாகவில்லை, அதன் இயல்பே அப்படித்தான். யோயோக்களில் இரண்டு வகை உண்டு. மணிக்கட்டை லேசாகச் சுண்டினால் தானாகக் கைக்கு ஏறி வருவது ஒன்று. எவ்வளவு சுண்டினாலும் அடியிலேயே சுழன்றுகொண்டிருந்து, கயிற்றை மடித்து இடைவெளிக்குள் செருகி அதற்கெனப் பழகிய முறையில் வரவழைத்தால் மட்டும் ஏறி வருவது இன்னொன்று. இரண்டாவது வகையில் அச்சைச் சுற்றி அகலமான உருளைத்தாங்கி (பேரிங்) இருக்கும். அச்சால் இணைந்த இரு தட்டுகளுக்கும் நடுவே இடைவெளியும் அதிகம். போட்டியாளர்கள் ஒரே வீச்சில் நிமிடக்கணக்கில் கயிற்று வித்தை காட்ட முடிவது அதனால்தான். உலோகத்தில் செய்யப்பட்டுக் கடைகளில் கண்ணைப் பறிப்பதும் பெரும்பாலும் அதுதான். வலையொளியில் வித்தைகளைப் பார்த்த பிள்ளை அதைத்தான் கேட்கும், பெற்றோரும் அதைத்தான் வாங்குவார்கள். முதல் யோயோ நெகிழியில் செய்யப்பட்டதாகவும், சுண்டினால் ஏறி வருவதாகவும் இருக்க வேண்டும். கடைக்காரருக்கு வகை தெரியாவிட்டால் அங்கேயே ஒருமுறை எறிந்து பார்க்கச் சொல்லுங்கள். உறையில் எம்.சி. என்ற பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் விற்கும் விளையாட்டுப் பொருள்களுக்கு அது கட்டாயம்.

கருவியைவிடவும் முக்கியமானது கயிறு. புதிதாக வாங்கும் கயிறு பெரியவர்களின் உயரத்திற்கேற்ற நீளத்தில்தான் வரும். நான்காம் ஆண்டுப் பிள்ளை அதை அப்படியே எறிந்தால் யோயோ தரையில் மோதும். மோதலைத் தவிர்க்கப் பிள்ளை கையைத் தலைக்கு மேல் தூக்கும். அந்த நிலையில் வீச்சுக்குப் பலம் இருக்காது, திரும்பி வரும் யோயோவும் நேராக முகத்தை நோக்கி வரும். எனவே பிள்ளையை நிமிர்ந்து நிற்கச் செய்து, கயிற்றின் நுனியில் யோயோவைத் தரை தொடும்படி தொங்கவிட்டு, தொப்புளுக்கு இரண்டு மூன்று விரற்கிடை மேலே கயிற்றை வெட்டி, அங்கே ஒரு சிறு வளையம் முடியுங்கள். அந்த வளையத்தில் நேரடியாக விரலை நுழைக்கக் கூடாது. வளையத்தின் ஊடே கயிற்றையே இழுத்து ஒரு சுருக்குப் போட்டு, அந்தச் சுருக்கை நடுவிரலில் மாட்ட வேண்டும். முடிச்சு வளையத்தை அப்படியே மாட்டினால் வேகமாக எறியும்போது அது விரலைவிட்டு நழுவி, யோயோ வகுப்பறையைக் கடந்து பறக்கும். எங்கள் கணினிக்கூடத்தின் வெண்பலகையில் அரையங்குலப் பள்ளம் ஒன்று உண்டு. அது மாணவர் எவரும் செய்ததன்று. நான் அவசரத்தில் மாட்டியதன் அடையாளம்.

சுருக்குக்கும் தனக்கென ஓர் ஆபத்து உண்டு. சென்ற ஆண்டு ஓய்வு நேரம் முடிந்து மணியடித்த பிறகு, ஒரு மாணவி வலக்கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி என் மேசைக்கு வந்தாள். நடுவிரலின் இரண்டாம் கணுவுக்கு மேலே கயிறு சதையில் புதைந்து, விரல் நுனி நாவல்பழ நிறத்தில் இருந்தது. ஒவ்வொரு வீச்சிலும் சுருக்கு சற்றே இறுகும் என்பதையும், இடையிடையே தளர்த்திவிட வேண்டும் என்பதையும் நான் அவளுக்குச் சொன்னதாக நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை. கத்தரிக்கோலின் முனை கயிற்றுக்கும் தோலுக்கும் இடையில் நுழையவே இல்லை. உடன் பணிபுரியும் ஆசிரியை ஒருவர் கைப்பையிலிருந்து நகவெட்டியை எடுத்துக் கொடுத்தார். அதன் வளைந்த வாயால் ஒரே கடியில் கயிறு அறுந்தது. நிறம் திரும்பச் சில நிமிடங்கள் பிடித்தன. பயந்துபோயிருந்தது நான்தான், அவள் இல்லை என்று பிற்பாடு அந்த ஆசிரியை கிண்டல் செய்தார், அது உண்மைதான். அன்று முதல் யோயோப் பெட்டியில் ஒரு நகவெட்டி நிரந்தரமாக இருக்கிறது. பத்து வீச்சுக்கு ஒருமுறை சுருக்கைத் தளர்த்துவதும், விரல் மரத்தால் உடனே கழற்றுவதும் எங்கள் பள்ளி யோயோ மன்றத்தின் முதல் விதி.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நூல் பிசிறு தெரிந்தவுடன் கயிற்றை மாற்றிவிடுங்கள். கயிற்றின் விலையோடு ஒப்பிட்டால் பல்லின் விலை மிக அதிகம். சுழலும் கூரை விசிறிக்கு அடியில் யாரும் எறியக் கூடாது. இருவருக்கு இடையே, இருவரும் கயிற்றோடு கையை நீட்டினாலும் தொடாத தூரம் இருக்க வேண்டும். உலோக யோயோ சிமெண்டுத் தரையில் விழுந்தால் விளிம்பில் கூர்மையான பிசிறு எழும். அது கயிற்றையும் அறுக்கும், கையையும் கீறும். வீட்டில் மூன்று வயதுக்குட்பட்ட தம்பி தங்கை இருந்தால், விளையாடி முடித்ததும் யோயோ உயரமான இடத்திற்குப் போய்விட வேண்டும். நீளக் கயிறும் குழந்தையின் கழுத்தும் ஒரே தரையில் இருக்கக் கூடாது.

தைப்பூசம் முடிந்த வாரத்தில், தண்ணீர்மலை அடிவாரக் கடையொன்றில் வாங்கியதாகச் சொல்லி ஒரு மாணவன் கொண்டுவந்த பொருளைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டியிருக்கிறது. உள்ளே திரவம் நிறைந்த மெத்தென்ற பந்து, அதிலிருந்து நீளும் இழுபடும் ரப்பர் வால். பெயர் மட்டும் யோயோ. தலைக்கு மேலே சுழற்றும்போது வால் நீண்டு கழுத்தைச் சுற்றிக்கொள்ளும் என்பதால் பிரிட்டன் 2003லேயே அதன் விற்பனைக்குத் தடை விதித்தது. நான் அதை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்து, பெற்றோரை வரவழைத்து அவர்கள் கையில் ஒப்படைத்தேன். பையனுக்கு இன்றுவரை என்மீது கோபம்.

காணொளியைப் பார்த்துக் கற்பதிலும் ஒரு முறை வேண்டும். வலையொளியில் ஓட்ட வேகத்தைப் பாதியாகவோ காலாகவோ குறைக்க முடியும் என்பது பெற்றோர் பலருக்குத் தெரிவதில்லை. தானாக அடுத்த காணொளிக்குத் தாவும் வசதியை முதலில் அணைத்துவிடுங்கள். ஒரு வித்தைக்கு ஒரு காணொளி போதும். அதைவிடப் பயனுள்ளது, பிள்ளையின் வீச்சையே மெதுவோட்டப் பதிவில் எடுத்து அதன் கண்ணில் காட்டுவது. இப்போதுள்ள கைப்பேசிகள் பலவற்றில் நொடிக்கு 240 படங்கள் பதிவாகின்றன. வீசும்போது மணிக்கட்டு உட்புறமாகத் திரும்புவதும், அதனால் யோயோ ஒருபக்கம் சாய்வதும், சாய்ந்ததால் கயிறு தட்டில் உரசிச் சுழற்சி சாவதும் அதில் ஒவ்வொன்றாகத் தெரியும். "நான் நேராத்தானே சார் போட்டேன்" என்று வாதாடியவன், தன் கையைத் தானே பார்த்த பிறகு ஒன்றும் பேசாமல் எழுந்து போய் மறுபடியும் எறிகிறான். பதினான்கு ஆண்டுகளில் நான் சிவப்பு மையால் போட்ட எந்தத் தவறுக்குறியும் அந்த அளவுக்கு வேலை செய்ததில்லை. ஆனால் அந்தப் பதிவு அவனுக்கானது. சீருடையும் பெயர்ப்பட்டையும் தெரியும் காணொளியைப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் புலனக் குழுவில்கூடப் பகிர்வதில்லை என்பது என் வழக்கம். பெரிய சமூக ஊடகத் தளங்களில் கணக்குத் தொடங்கக் குறைந்தது 13 வயதாவது ஆகியிருக்க வேண்டும். எங்கள் பள்ளியின் மூத்த மாணவர்களுக்கே 12தான்.

அறிவியல் பாடத்திலும் யோயோ எனக்குக் கைகொடுக்கிறது. கயிற்றின் அடி வளையம் அச்சோடு கட்டப்பட்டிருப்பதில்லை. அச்சைச் சுற்றிச் சும்மா கிடக்கிறது. அதனால்தான் யோயோ அடியில் நின்று சுழல முடிகிறது. அதை நாங்கள் 'தூங்குவது' என்கிறோம். 1985 ஏப்ரலில் டிஸ்கவரி விண்ணோடத்தில் டேவிட் கிரிக்ஸ் என்ற விண்வெளி வீரர் யோயோ ஆடிக் காட்டினார். எடையற்ற அங்கே அது தூங்கவில்லை, கயிற்றின் முனையை எட்டியதும் உடனே திரும்பிவிட்டது. ஏன் என்று கேட்டுவிட்டு நான் நாற்காலியில் அமர்ந்துவிடுவேன். உராய்வு, ஈர்ப்பு, இழுவிசை எல்லாம் மாணவர் வாயிலிருந்தே வர ஒரு பாடவேளை போதாது. 1928இல் கலிஃபோர்னியாவில் யோயோ தொழிற்சாலை தொடங்கிய பெட்ரோ ஃபுளோரஸ், நம் அண்டை நாடான பிலிப்பீன்ஸிலிருந்து குடியேறியவர் என்பதையும் சொல்வதுண்டு. இது வெள்ளைக்காரர் விளையாட்டு என்று நினைத்திருந்தவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

பேரனை அழைத்துச் செல்ல வந்த தோட்டத்துத் தாத்தா ஒருவர், ஒருநாள் திடலோரம் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, "கொய்யாக் கட்டையில பம்பரம் செதுக்குவோம் சார், சாட்டை மட்டும் அப்பவும் இதே கதைதான், நீளம் தப்புனா பம்பரம் தப்பும்" என்றார். கிளந்தானிலும் மலாக்காவிலும் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நின்று சுழலும் காசிங் என்ற மலாய் மரபுப் பம்பரங்களுக்கும் கயிறு சுற்றும் கைதான் உயிர். மறுவாரம் அவரையே மன்றத்திற்கு அழைத்தோம். சாட்டையை நனைத்து, ஆணியிலிருந்து மேல்நோக்கி இடைவெளியில்லாமல் சுற்றுவதை அவர் காட்டியபோது, எதையும் இரண்டு நிமிடத்திற்கு மேல் பார்க்காத பையன்கள் அரை மணி நேரம் குந்தியிருந்தார்கள்.

அந்த நீல யோயோவின் உருளைத்தாங்கியை இப்போது மெல்லியதாக மாற்றி, பக்கங்களில் புதிய பிடிப்புப் பட்டை ஒட்டியிருக்கிறேன். சுண்டினால் ஓரளவு ஏறி வருகிறது. அதன் கயிறும் பையனின் கண்ணுயரத்தில்தான் இருந்தது. புதன்கிழமை மன்றத்திற்கு முன்பு அவனை நிமிர்ந்து நிற்க வைத்து, அளந்து வெட்ட வேண்டும். சுருக்கில் விரல் நீலம் பாரித்த மாணவி இப்போது ஆறாம் ஆண்டில் இருக்கிறாள். அளப்பதும் வெட்டுவதும் முடிச்சிடுவதும் அவள் பொறுப்பு. நகவெட்டியும் அவளிடம்தான் இருக்கிறது.