இடைத்தேர்தல்: பெயரில் என்ன ‘இடை’?

பொதுத்தேர்தல் முடிந்து, அடுத்தது வருவதற்குள் ஒரு தொகுதி காலியானால் அதற்கு மட்டும் நடப்பது இடைத்தேர்தல். ஆங்கிலத்தில் ‘பை-எலெக்‌ஷன்’. இந்தப் ‘பை’க்கும் விடைபெறும்போது சொல்லும் ‘பை பை’க்கும் உறவில்லை. இது பைபாஸ் சாலையில் இருக்கும் ‘பை’. பக்கம், ஓரம் என்பது பொருள். அப்புறம் ‘கிளையானது, முக்கியமல்லாதது’ என்றும் விரிந்தது. (சங்கங்களின் ‘பைலா’வில் இருப்பது வேறு ‘பை’. ஊரைக் குறித்த பழைய ஸ்காண்டிநேவியச் சொல்லின் எச்சம் என்பார்கள்.) இந்திக்காரர்களின் ‘உப்சுனாவ்’ இந்தத் துணைப் பொருளையே பிடித்துக்கொண்டது. தமிழோ காலத்தைப் பார்த்தது: இடைவேளை, இடைக்காலம், இடைத்தேர்தல்.

எனக்குத் தமிழ்ச் சொல்தான் பொருத்தமாகப் படுகிறது. 19ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் இந்தத் தேர்தல்கள் அப்படியொன்றும் ஓரத்தில் ஒதுங்கி நிற்கவில்லை.

அங்கே தொகுதி காலியாக உறுப்பினர் இறந்துபோக வேண்டியதில்லை, அமைச்சரானாலே போதும். அரசரிடம் சம்பளப் பதவி பெற்றவர் தன் இடத்தை இழந்து, மறுபடி வாக்காளரிடம் போகவேண்டும் என்பது 1707 சட்டம். பெரும்பாலும் அது சடங்குதான், எதிர்த்து யாரும் நிற்கமாட்டார்கள். 1828இல் அயர்லாந்தின் கிளேர் தொகுதியில் சடங்கு சண்டையானது. வணிகத்துறைப் பொறுப்பேற்ற வெசி ஃபிட்ஸ்ஜெரல்டை எதிர்த்து அயர்லாந்துக் கத்தோலிக்கரின் தலைவர் டேனியல் ஓகானல் நின்றார். கத்தோலிக்கர் அவையில் உட்கார முடியாத காலம். ஆனால் தேர்தலில் நிற்கத் தடையில்லை. 2,057 வாக்குகள் அவருக்கு, அமைச்சருக்கு 982. அயர்லாந்து கொந்தளித்துவிடும் என்று அஞ்சிய அரசு மறு ஆண்டே கத்தோலிக்கருக்கு அவையைத் திறந்துவிட்டது.

இன்னொன்று, யார்க்‌ஷயரின் பான்டிஃப்ராக்ட், 1872 ஆகஸ்ட் 15. இதுவும் ஓர் அமைச்சர், ஹியூ சில்டர்ஸ், மறுபடி நின்ற தேர்தல்தான். ரகசிய வாக்குச்சீட்டுச் சட்டம் வந்த கையோடு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அந்த முறையில் நடந்த முதல் வாக்குப்பதிவு இதுவே. அதுவரை ஊரறிய மேடையேறி, யாருக்கு ஓட்டு என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். அந்த ஊர் அதிமதுர மிட்டாய்க்குப் பேர்போனது. வாக்குப்பெட்டியின் அரக்கில் பதித்த முத்திரையும் மிட்டாயில் குத்துகிற அச்சுதான்! பெட்டி இன்றும் உள்ளூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சில்டர்ஸ் 80 வாக்கு வித்தியாசத்தில் தப்பினார். அமைச்சரை மறுபடி நிற்கவைக்கும் வழக்கம் 1926இல்தான் முழுதாக ஒழிந்தது.

சரி, சொல்லுக்கு வருவோம். அமெரிக்கர் இதையே ‘ஸ்பெஷல் எலெக்‌ஷன்’ என்கிறார்கள். அதைச் ‘சிறப்புத் தேர்தல்’ என்று மொழிபெயர்த்தால் என்ன சிறப்பு என்று வாசகர் கேட்பார். இடைத்தேர்தல் என்றே எழுதலாம். அவர்களுடைய ‘மிட்-டெர்ம்’ வேறு. அதிபர் பதவிக்காலத்தின் நடுவில் நாடு முழுக்க நடப்பது அது, காலியிடத்துக்கானதல்ல. நம் செய்தித்தாள்கள் அதையும் சிலசமயம் ‘இடைத்தேர்தல்’ ஆக்கிவிடுகின்றன. அதற்கு ‘இடைக்காலத் தேர்தல்’ போதும்.