மீதி 16 மாம்பழம்

"அண்ணா, இந்த ஆப் ஆளைப் பார்த்து எண் போடுதா?"

கிருஷ்ணகிரியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு தங்கை கேட்ட கேள்வி இது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்து பேர் ஒரு மொட்டை மாடியில் கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறார்கள். கதையை மட்டும் நம்ம ஊருக்கு மாற்றிக்கொண்டார்கள். தர்மபுரி அகழ்வைப்பகத்தில் நிற்கும் நடுகற்களைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், மாடு கவர வந்த கூட்டத்தோடு மோதித் தொறு, அதாவது மாட்டு மந்தை, மீட்கும் கதையாக அதை எழுதியிருக்கிறார்கள். சண்டைக் கணக்கும் பகடை உருட்டுவதும் நடுவில் வைத்த போனில் ஒரு செயலியில் ஓடுகின்றன. அன்றைக்கு இந்தத் தங்கைக்குத் தொடர்ந்து ஐந்து முறை 5க்குக் கீழோ 5ஆகவோ விழுந்து, அவளுடைய வீரன் ஏரிக்கரையிலேயே விழுந்துவிட்டான். அதனால்தான் இந்தச் சந்தேகம்.

இந்த ஆட்டத்தை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கி 1974இல் வெளிவந்தது. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடுவார்கள். வெட்டு விழுந்ததா, தப்பியதா என்பதைப் பெரும்பாலும் 20 முகம் கொண்ட பகடை சொல்லும். சண்டை தொடங்கும்போது எல்லோரும் ஒருமுறை உருட்டி, தங்கள் வேகப் புள்ளியைக் கூட்டிக்கொள்வார்கள். அதிகம் வந்தவருக்கு முதல் முறை.

காகிதத்தில் இதை நடத்துவது சிரமம். எட்டு ஓநாய், ஐந்து வீரர் என்றால் அடிபடும்போது குறையும் உயிர்ப்புள்ளிகளைப் பதின்மூன்று பேருக்கும் அடித்து அடித்துத் திருத்தவேண்டும். யாருக்கு மயக்கம் இன்னும் எத்தனை சுற்று என்பதும் நினைவில் இருக்க வேண்டும். செயலிக்கு இது எளிய வேலை. பெயர்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, இப்போது யார் முறை என்று ஒரு சுட்டியை வைத்துக்கொள்கிறது. 'அடுத்து' என்று தட்டினால் சுட்டி ஒருபடி இறங்கும். கடைசிப் பெயர் தாண்டினால் சுற்று எண் ஒன்று கூடும், மயக்கம் ஒன்று குறையும். நடந்தவற்றை வரிசையாக எழுதி வைத்திருப்பதால், தவறாகக் கழித்த புள்ளியைப் பின்னோக்கிப் போய்ச் சரிசெய்யவும் முடியும். பள்ளியில் நிரல் எழுதிப் பழகும் பிள்ளைகள் இரண்டு மாலைகளில் செய்துவிடக்கூடிய வேலைதான்.

சரி, பகடை? கணினிக்கு உருட்டக் கை இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்யும் பொருள் அது. அதனிடமிருந்து எதிர்பாராத எண் எப்படி வரும்?

1940களில் கணிதவியலாளர் ஜான் வான் நியூமன் ஒரு வழி சொன்னார். நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்து வர்க்கப்படுத்து, எட்டு இலக்கத்தில் நடு நான்கை எடு, அதுதான் அடுத்த எண். 1974 என்ற எண்ணில் தொடங்குவோம். வர்க்கம் 03896676, நடுவில் 8966. அதன் வர்க்கம் 80389156, நடுவில் 3891. அடுத்தது 1398. பார்த்தால் தாறுமாறாகத்தான் இருக்கிறது. ஆனால் எப்போதாவது 3792 வந்துவிட்டால் தீர்ந்தது. அதன் வர்க்கம் 14379264, நடுவில் மறுபடியும் 3792! சக்கரம் அதே இடத்தில் நின்றுவிடும்.

இன்றைய முறைகள் இதைவிட எவ்வளவோ மேல். குரோம் உலாவியில் ஜாவாஸ்கிரிப்ட் நிரலை ஓட்டும் வி8 இயந்திரம் 2015 இறுதியில் எக்ஸார்ஷிஃப்ட் வகை முறைக்கு மாறியது. ஒரு எண்ணின் பிட்களை, அதாவது அதை எழுதும் 0, 1 இலக்கங்களை, சில இடம் தள்ளி, தள்ளாத எண்ணோடு ஒப்பிட்டு, வேறுபட்ட இடத்தில் 1, ஒத்த இடத்தில் 0 போடுகிறார்கள். இப்படிச் சில முறை செய்தால் அடுத்த எண் வந்துவிடும். முதலிலிருந்து திரும்ப ஆரம்பிக்க 39 இலக்க எண்ணளவு முறை உருட்டவேண்டும். தொடங்கும் விதை எண் மட்டும் வெளியுலகத்திலிருந்து வரவேண்டும். உங்கள் விரல் திரையைத் தொட்ட நொடியின் மிக நுண்ணிய பகுதி போன்றவற்றைப் போனின் இயங்குதளம் சேர்த்து வைத்துக்கொண்டே இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதற்கு அடுத்து வருகிறது.

கணினியிடம் கிடைப்பது பிட்கள். ஒரு பைட்டில் எட்டு பிட், ஆக 0 முதல் 255 வரை 256 எண்கள். நமக்கு வேண்டியதோ 20 முகம். 256 மாம்பழம் கொண்ட கூடை ஒன்று கிருஷ்ணகிரி மண்டிக்கு வந்திருக்கிறது, 20 பேருக்குப் பங்கிடவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 12 கொடுத்தால் 240 போய்விடும், மீதி 16. அந்த 16ஐ முதல் 16 பேருக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்தால், அவர்களுக்கு 13, கடைசி நான்கு பேருக்கு 12 மட்டும். பைட்டை 20ஆல் வகுத்து மீதியை எடுக்கும் செயலி இதைத்தான் செய்கிறது. அந்தக் கடைசி நால்வர் யார்? 17, 18, 19, 20. எல்லோரும் ஏங்கும் அந்த 20, நூற்றுக்கு 5 முறை வரவேண்டியது 4.69 முறைதான் வரும்.

அப்போ பெரிய கூடை எடுத்தால்? நான்கு பைட் எடுங்கள், 429 கோடிக்கு மேல் பழம். 20ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி 16. எட்டு பைட் எடுத்தாலும் மீதி 16தான்! காரணம் எளிது. 16ஐ 16ஆல் பெருக்கினால் 256, அதை 20ஆல் வகுத்தால் மீதி மறுபடியும் 16. இரண்டாகவே பெருகும் எண்ணில் 5 ஒருபோதும் காரணியாக வராது. ஒவ்வொரு பிட்டும் ஒரு நாணயச் சுண்டல் போலத்தான். அதாவது, இத்தனை முறைதான் என்று முன்பே முடிவு செய்து நாணயம் சுண்டினால், அது பத்தாக இருந்தாலும் கோடியாக இருந்தாலும், 20 முகத்துக்கும் துல்லியமாகச் சமமான வாய்ப்பு வராது. கூடை பெரிதாகும்போது வேறுபாடு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறுத்துவிடும் என்பது உண்மை. ஆனால் மறையாது.

மறைய ஒரு வழி, அந்த 16ஐ யாருக்கும் கொடுக்காமல் இருப்பது. பைட் 240 அல்லது அதற்கு மேல் வந்தால் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று கேட்பது. பதினாறில் ஒரு முறை இப்படி நடக்கும். எத்தனை முறை கேட்கவேண்டி வரும் என்பதற்கு உச்சவரம்பு கிடையாது. ஆனாலும் தொடர்ந்து ஐந்து முறை தூக்கிப் போடும் நிலை பத்து லட்சத்துக்கு ஒருமுறைதான் வரும். கிடைத்ததை எல்லாம் பயன்படுத்தினால் நியாயம் கெடுகிறது, கொஞ்சத்தை வேண்டாம் என்று விட்டால் நியாயம் முழுமையாகிறது. இதை முதன்முதலில் தாளில் போட்டுப் பார்த்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

நம் தாயக்கட்டைக்கு இந்தத் தொல்லையே கிடையாது. ஒரு கட்டைக்கு 0, 1, 2, 3 என்று நான்கு முகம், இரண்டு கட்டைக்கு 16 சேர்க்கை. மீதியே இல்லை. ஒரு பைட்டில் இரண்டு வீச்சு அப்படியே அடங்கிவிடும். தாயம் (ஒன்றில் 1, மற்றதில் 0) விழுவது 16இல் இரண்டு, பன்னிரண்டு (இரண்டிலும் 0) விழுவது 16இல் ஒன்று. பாட்டி வைத்திருந்த அந்தப் பித்தளைக் கட்டை கணினிக்கு எவ்வளவு பொருத்தமான பகடை!

தங்கையின் கேள்விக்கு வருகிறேன். 5க்கு மேல் போகாமல் தொடர்ந்து ஐந்து முறை விழ 1024இல் ஒரு வாய்ப்பு. ஒரு மாலையில் ஐந்து பேரும் சேர்ந்து இருநூறு முறை உருட்டுகிறார்கள், மாதத்தில் நான்கு ஞாயிறு. சில மாதம் ஆடினால் யாரோ ஒருவருக்கு அது நடப்பது இயல்புதான். 20 முறை உருட்டியும் ஒரு 20கூட விழாமல் போக நூற்றுக்கு 36 வாய்ப்பு இருக்கிறது. பகடை எண் போடும்போது செயலி முந்தைய வீச்சு நல்லதா கெட்டதா என்றோ, உருட்டுபவர் யார் என்றோ பார்ப்பதில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒருவரின் போன் ராசியானது என்று வாங்கி உருட்டுகிறார்களாம். நண்பர்களுக்குள் இருக்கும்வரை அதில் கெடுதல் இல்லை. ஆனால் இதே நம்பிக்கையோடுதான் ஆன்லைன் சூதாட்டத்தில் 'இவ்வளவு நேரம் தோற்றாச்சு, அடுத்தது நமக்குத்தான்' என்று சம்பளத்தை விட்டவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். பத்தாம் வகுப்புக் கணக்கில் நிகழ்தகவு இருக்கிறது. பகடை என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது, பகடையைக் கையில் கொடுப்பதில்லை. ஆய்வகத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் ஒரு பை நிறையப் பகடை வாங்கச் செலவிடவேண்டும் என்று எங்கே பேசப் போனாலும் கேட்கிறேன், இங்கேயும் கேட்கிறேன்.

இன்னும் நம்பிக்கை வரவில்லை என்றால் ஆயிரம் முறை உருட்டிக் கோடு போட்டு எண்ணலாம். ஒவ்வொரு முகமும் சுமார் 50 முறை வரவேண்டும், 36 முதல் 64 வரை வந்தால் இயல்புதான்.

செயலியே வேண்டாம் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவர் இப்போது பிளாஸ்டிக் பகடை வாங்கி வந்திருக்கிறாராம். அதற்கும் ஒரு சோதனை இருக்கிறது. டம்ளர் தண்ணீரில் பகடை மிதக்கும்வரை உப்பைக் கரையுங்கள். விரலால் தட்டிச் சுழலவிட்டு, நின்றதும் மேலே இருக்கும் முகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பத்துப் பதினைந்து முறை செய்தும் ஒரே முகம் திரும்பத் திரும்ப மேலே வந்தால், அந்தப் பக்கம் எடை குறைவு, உள்ளே காற்றுக் குமிழி இருக்கலாம்.