ரெண்டு ஹல் இருந்தால் கவிழாதா?

"சார், இதுலதான் ரெண்டு ஹல் இருக்கே, கவிழாதுதானே?"

பாய்மரப் படகுப் பயிற்சி கொடுக்கிற எனக்கு, சனி ஞாயிறு வந்தால் இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடும். கேட்டமரான் படகைக் காட்டித்தான் கேட்பார்கள். ஹல் என்பது தண்ணீரில் மிதக்கிற படகின் உடல்; கேட்டமரானில் அது பக்கம் பக்கமாக ரெண்டு இருக்கும். பெற்றோர் கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்வேன். போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்து நிற்பவர்களே கேட்கும்போதுதான் எரிச்சல் வருகிறது. போன வாரம் புதுச்சேரி வீராம்பட்டினத்துக்கு நேரே நடந்ததைப் பார்த்த பிறகு, ஒரேயடியாக எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

சென்னையிலிருந்து வந்த இரண்டு இளைஞர்கள், 16 அடி கேட்டமரான். பாதுகாப்புப் படகு கிளம்பும்வரை காத்திருக்கச் சொல்லியும் கேட்காமல் இறங்கிவிட்டார்கள். நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது மூக்கு முன்னால் இருந்த அலையில் குத்தியது. படகு அப்படியே குட்டிக்கரணம் அடித்தது. ஒருவர் தூக்கி எறியப்பட்டு, நீந்தி வந்து ஹல்லைப் பிடித்துக்கொண்டார். இன்னொருவரைக் காணவில்லை. அவர் டிராம்போலினுக்கு, அதாவது ரெண்டு ஹல்லுக்கும் நடுவே இழுத்துக் கட்டியிருக்கும் துணித் தளத்துக்கு, அடியில் இருந்தார். நன்றாக நீந்தத் தெரிந்தவர்தான். ஆனால் அவர் போட்டிருந்தது, தண்ணீர் பட்டதும் தானே ஊதிக்கொள்ளும் விலை உயர்ந்த லைஃப் ஜாக்கெட். அது அவரை மேலே தள்ளித் தள்ளி டிராம்போலின் துணியோடு ஒட்டவைத்துவிட்டது. வெளியே வர அவர் கீழே முங்க வேண்டும். ஜாக்கெட் முங்க விடாது. பக்கத்தில் ஃபைபர் படகில் வலை இழுத்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் வந்து, டிராம்போலினை நடுவில் இழுத்துக் கட்டியிருக்கும் கயிற்றைக் கத்தியால் அறுத்து, அந்தப் பிளவு வழியாகத் தலையை வெளியே இழுத்தார். துணியை அறுக்க முயன்றிருந்தால் நேரம் போயிருக்கும். கயிற்றில் கை வைக்க அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

சரி, கவிழாது என்ற நம்பிக்கைக்கு வருவோம்.

கேட்டமரான் அகலமானது. அதனால் சின்னக் காற்றில் ஆடாமல் அசையாமல் நிற்கும். எல்லாரும் பார்ப்பது இதை மட்டும்தான். ஒற்றை ஹல் படகு காற்று ஏற ஏறச் சாயும், அதுவே எச்சரிக்கை. கேட்டமரான் அப்படி எதுவும் சொல்லாது. தட்டையாகப் போய்க்கொண்டே இருக்கும், திடீரென்று காற்று வருகிற பக்கத்து ஹல் தண்ணீரைவிட்டு எழும்பும். கவிழாமல் எதிர்த்து நிற்கும் பலம் அந்த நொடியில்தான் உச்சத்தில் இருக்கிறது. அதற்குமேல் ஹல் உயர உயர அந்தப் பலம் குறைந்துகொண்டே போகும். அடியில் கனமான கீல் (தண்ணீருக்குள் நீளும் அடித்தகடு) உள்ள பெரிய படகு சாய்ந்தாலும் தானே நிமிரப் பார்க்கும். இதற்கு அந்தக் கனம் கிடையாது. முழுதாகப் புரண்டுவிட்டால், கவிழ்த்துப் போட்ட கயிற்றுக்கட்டில் மாதிரி அப்படியே உறுதியாகக் கிடக்கும், தானாகத் திரும்பாது. மாஸ்டுக்குள், அதாவது பாய்மரக் கம்பத்துக்குள், தண்ணீர் புகுந்திருந்தால் இன்னும் கஷ்டம். இலேசான உடம்புக்காரர் ஒருவர் தனியாக நிமிர்த்துவது நடக்காத காரியம். அகலம் கவிழ்வதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். தாத்தா கட்டுமரம் ஓட்டியவர் என்று சொல்லிக்கொண்டு வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை: கட்டுமரம் புரண்டால் திருப்பிப் போட்டு ஏறிக்கொள்ளலாம். அதில் உங்களை அடியில் பிடித்துவைக்க இடுப்பில் மாட்டும் ஹூக்கும் இல்லை, டிராம்போலினும் இல்லை.

பழக்கமில்லாதவர்களுக்குத்தான் இப்படி ஆகும் என்றும் நினைக்காதீர்கள். 2013 மே 9 அன்று சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில், அமெரிக்காஸ் கப் பாய்மரப் படகுப் போட்டிக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த ஆர்டெமிஸ் அணியின் 72 அடி கேட்டமரான் கவிழ்ந்து, ஆண்ட்ரூ சிம்ப்சன் படகின் அடியில் சிக்கி இறந்தார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பாய்மரப் படகில் தங்கம் வாங்கியவர் அவர். அதன்பிறகு 37 பாதுகாப்புப் பரிந்துரைகள் வந்தன. போட்டிக்கான காற்று வேக வரம்பை மணிக்கு 33 கடல்மைலிலிருந்து 23 கடல்மைலுக்கு இறக்கினார்கள். உதவிக்கு அத்தனை பேர் கரையிலும் படகிலும் நின்ற அணிக்கே அந்த நிலைமை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. ஊதும் ஜாக்கெட் வேண்டாம். 50 நியூட்டன் (மிதக்கவைக்கும் விசையின் அளவு) மிதவை உடுப்பு, உடம்போடு இறுகப் பொருந்தியது போதும். மிதக்கவும் செய்யும், தேவைப்பட்டால் முங்கவும் விடும். ஹெல்மெட் கட்டாயம். கத்தி உங்கள் உடுப்பிலேயே, கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பைக்குள் பத்திரமாக இருக்கிற கத்தியால் யாருக்கு என்ன லாபம்?

டிரப்பீஸ் ஹூக்தான், அதாவது படகுக்கு வெளியே சாய்ந்து நிற்க மாஸ்டிலிருந்து வரும் கம்பியில் நம்மை மாட்டுகிற கொக்கிதான், எனக்கு மிகப் பெரிய பயம். கவிழும்போது அது ஏதாவதொரு கயிற்றில் மாட்டிக்கொண்டால், உடம்பின் எடையே அதைக் கழற்றவிடாது. சட்டென்று கழற்றிக்கொள்ளும் வசதியுள்ள ஹார்னஸைத்தான் (அந்த ஹூக் உள்ள இடுப்புப் பட்டை) போட்டியில் போட வேண்டும் என்று உலகப் படகோட்ட விதிகளே 2023 முதல் சொல்கின்றன. பழைய ஹார்னஸை மலிவாக வாங்கிக்கொண்டு வந்து என்னிடம் காட்டாதீர்கள். புதிதாக வாங்கியவர்களும் கண்ணை மூடிக்கொண்டு, தண்ணீருக்குள், ஒற்றைக் கையால் கழற்றிப் பழகுங்கள். பின்காற்றில் ஓடும்போது இருவரும் பின்னால் தள்ளியே இருங்கள். காற்று வருகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்க ஹல்லின் மூக்கிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். மெயின்ஷீட்டை (பெரிய பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு) கிளீட்டில் (கயிற்றைக் கவ்வும் பிடி) மாட்டிவிட்டு அலட்சியமாக உட்கார வேண்டாம், தயவுசெய்து.

நம் கடற்கரையில் காற்றைப் பற்றி ஒன்று. ஆனி ஆடிக் காலையில் நிலத்திலிருந்து அடிக்கிற மேல்காற்றில் கடல் ஓரத்தில் அரிசி மாவு கொட்டினாலும் கலையாத அமைதி தெரியும். கொஞ்ச தூரம் போனால்தான் அதன் பலம் புரியும். அப்போது கவிழ்ந்தால் படகு கரையைவிட்டு விலகித்தான் போகும். படகை விட்டுவிட்டுக் கரைக்கு நீந்தக் கிளம்பாதீர்கள். தேடுபவர் கண்ணுக்கு உங்கள் தலை தெரியாது, ஹல் தெரியும். அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் அலை உடைகிற நேரத்தில் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

தண்ணீர் குடித்து இருமுகிறவரை "இப்ப பரவாயில்லையே" என்று அறைக்குக் கூட்டிப்போகக் கூடாது. சில மணி நேரம் கழித்தும் மூச்சு முட்டலாம்; நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்புறம், மாஸ்ட் நட்டபடியே படகை ரோட்டோரம் தள்ளிக்கொண்டு வருகிறவர்களே, தலைக்குமேல் மின்கம்பி போகிறதா என்று பாருங்கள். ஹோபி 16 என்ற கேட்டமரான் படகின் மாஸ்ட் நுனியை மின்சாரம் கடத்தாத பொருளில் செய்ய ஆரம்பித்ததே இந்த விபத்துகளால்தான். உங்கள் படகில் அந்த நுனி இருந்தாலும் அதன் கீழே இருப்பது அலுமினியம்தான். கார்பன் மாஸ்டும் மின்சாரம் கடத்தும்.

இறங்கும் முன் கரையில் ஒருவரிடம் எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். அந்த நேரம் தாண்டினால் கடலோரக் காவல்படைக்கு 1554-ல் கூப்பிட வேண்டியது அவர் பொறுப்பு. அவசரப்பட்டோமோ என்று அவர் தயங்கத் தேவையில்லை.