பட்டன் வேலை செய்யவில்லையா? முதலில் ஸ்பிரே டப்பாவைக் கீழே வையுங்கள்

1970, 80களின் கால்குலேட்டர்களை ரிப்பேருக்குக் கொண்டுவருபவர்களில் பலர் கையோடு தீர்ப்பையும் கொண்டுவருவார்கள். "டிஸ்பிளே எரியுது, பட்டனை அமுக்கினா ஒண்ணும் வரலை, ஐசி போயிடுச்சு." ஐசி, அதாவது உள்ளே கணக்குப் போடும் சில்லு, போகாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஆன் செய்ததும் திரையில் ஒழுங்காக ஒரு பூஜ்யம் வந்து நிற்கிறது என்றால், ஐசி பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது. பட்டன் அமுக்கிய சேதி அதற்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு வகையினர் ஸ்பிரே அடித்துவிட்டுக் கொண்டுவருவார்கள். கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரே. அடித்த அன்று சில பட்டன்கள் வேலை செய்யக்கூடும். அப்புறம் எண்ணெய் படலமாகத் தங்கி, தூசியை இழுத்துப் பசையாகிவிடும். ஒரு பட்டன் பழுதாக வந்திருக்க வேண்டியது, பத்து பட்டன் பழுதாக வரும். ஸ்பிரே அடித்ததைக் கழுவி எடுப்பதுதான் எனக்குப் பல சமயம் பெரிய வேலை.

மெஷினைத் திறக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஒரு தாளில் பட்டன்களை இருக்கிற மாதிரியே கட்டம் போட்டு வரைந்து, ஒவ்வொன்றாக அமுக்கி, எது வருகிறது, எது வரவில்லை, எது ஒரு தடவை அமுக்கினால் இரண்டு தடவை விழுகிறது என்று குறியுங்கள். நோய் எங்கே என்பதை அந்தத் தாளே பாதி சொல்லிவிடும்.

காரணம் இதுதான். 1972-ல் வந்த ஹெச்பி-35 கால்குலேட்டருக்கு அந்தப் பெயர் வந்ததே 35 பட்டன்கள் இருந்ததால். ஒவ்வொரு பட்டனுக்கும் தனி வயர் இழுத்தால் ஐசிக்குக் கால்கள் போதாது. அதனால் கால்குலேட்டர்களில் கிடைக்கோடு, நெடுக்குக்கோடு என்று பின்னிவிடுவார்கள். ஏழும் ஐந்துமாகப் பின்னினால் 35 பட்டனுக்குப் பன்னிரண்டு கோடுகள் போதும். ஐசி ஒரு பக்கக் கோடுகளில் மாற்றி மாற்றி மின்துடிப்பு அனுப்பி, மறுபக்கம் எதில் திரும்பி வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும்.

ஆகவே ஒரே ஒரு பட்டன் மட்டும் பழுது என்றால், அந்தப் பட்டனின் காண்டாக்டில் அழுக்கு அல்லது தேய்மானம். ஒரு கூட்டமே சேர்ந்து போயிருந்தால் பட்டன்களைத் தொடவே வேண்டாம். ஒரு கோடு எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது ஒரு சால்டர் (ஈயப் பற்றவைப்பு) விட்டிருக்கிறது. இந்தக் கூட்டம் கண்ணுக்கு வரிசையாகத்தான் தெரியும் என்றில்லை. போர்டில் கோடு ஓடும் விதத்தைப் பொறுத்து 7, 4, சைன் (sin) என்று சம்பந்தமில்லாத மாதிரி சிதறியும் கிடக்கும். எல்லாமே போயிருந்தால் கீபோர்டையும் மெயின் போர்டையும் சேர்க்கும் கனெக்டரைச் சந்தேகிக்கலாம். இல்லாவிட்டால் ஏதோ ஒரு பட்டன் அமுங்கியபடியே ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்று அமுங்கியே இருக்கிறது என்று ஐசி நினைத்துவிட்டால், பல மாடல்களில் வேறு எதையும் அது வாங்கிக்கொள்ளாது.

இனித் திறக்கலாம். திருகுகள் அடியில் உள்ள ரப்பர் கால்களுக்கும் லேபிளுக்கும் கீழே ஒளிந்திருக்கும், பார்த்துக் கழற்றுங்கள். திறந்ததும், பழுதான பட்டனின் இரண்டு முனைகளையும் ஒரு வயர்த் துண்டால் ஒரு நொடி இணைத்துப் பாருங்கள். எண் திரையில் வந்தால் ஐசி குற்றமற்றது. இது பேட்டரியில் ஓடும் சின்ன மெஷின்களுக்கு மட்டும். கரண்டில் ஓடும் மேஜைக் கால்குலேட்டர்களில், குறிப்பாக நிக்ஸி குழல் (எண்கள் ஒளிரும் பழைய கண்ணாடிக் குழல்) வைத்தவற்றில், 170 வோல்ட் அளவுக்கு மின்சாரம் உள்ளே இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும். பழக்கமில்லாதவர்கள் அதைத் திறக்காமல் இருப்பதே நல்லது.

கோடு அறுவதற்கு நான் அதிகம் பார்க்கும் காரணம் பேட்டரிக் கசிவுதான். நிக்கல்-காட்மியம் செல்லுக்குள் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம். அது செல்லோடு நிற்காது. வயருக்குள்ளேயே ஏறிப் போய், போர்டின் பச்சைப் பூச்சுக்கு அடியில் தாமிரக் கோட்டைத் தின்னும். மேலே பார்த்தால் கோடு முழுசாக இருப்பது போலவே தெரியும், நிறம் மட்டும் கொஞ்சம் கறுத்திருக்கும். ஊசி முனையால் மெதுவாகக் கீறினால் களிம்பு பொடியாக உதிரும். கையுறை போட்டுக்கொண்டு, பட்ஸில் வெள்ளை வினிகர் தொட்டுத் துடையுங்கள். வெள்ளையாகப் பூத்தது லேசாக நுரைக்கும். அப்புறம் காய்ச்சி வடித்த நீர், கடைசியாக ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். ஓர் இரவு காயவிட்டு, அறுந்த இடத்தின் மேல் மெல்லிய வயரைப் பாலமாக வைத்துச் சால்டர் செய்தால் முடிந்தது. கசிந்தது பழைய துத்தநாக-கார்பன் செல் என்றால் அது அமிலத் தன்மை கொண்டது. அதற்கு வினிகர் உதவாது, சமையல் சோடா கரைசல்தான்.

காண்டாக்ட் பழுது என்றால், எந்த வகைப் பட்டன் என்பதைப் பொறுத்து வைத்தியம் மாறும். 'டக்' என்று அமுங்கும் உலோகக் குமிழுக்கு, ஆல்கஹாலில் நனைத்த தாள் துண்டை நடுவில் செருகி, குமிழை அமுக்கியபடி இழுத்தால் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், தங்க முலாம் இருந்தால் அதோடு போய்விடும். பிளாஸ்டிக் படலத்தில் வெள்ளி மையால் கோடு அச்சிட்டிருந்தால் சால்டரிங் அயர்னைப் பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது. அறுந்த இடத்தில் மின் கடத்தும் வெள்ளிப் பெயின்ட்தான் வழி. பழைய மேஜை மாடல்கள் சிலவற்றில் கண்ணாடிக் குழலுக்குள் ரீட் ஸ்விட்ச், அதாவது காந்தம் நெருங்கினால் இணையும் ஸ்விட்ச், இருக்கும். வெளியிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தைக் காட்டினாலே அது உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

அடியில் கார்பன் காண்டாக்ட் வைத்த ரப்பர் பட்டனில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மல்டிமீட்டரை பீப் அடிக்கும் நிலையில் வைத்துச் சோதித்து, பீப் வரவில்லை, ரப்பர் போச்சு என்று முடிவுகட்டுகிறார்கள். நல்ல கார்பன் காண்டாக்டே சில நூறு ஓம் காட்டும், அதற்கு பீப் அடிக்காது. ஓம் நிலையில் வைத்து, பக்கத்திலுள்ள வேலை செய்யும் பட்டனோடு ஒப்பிடுங்கள். ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் கழுவினால் போதும். அசிட்டோனைத் தொடவே வேண்டாம், பட்டனின் பிளாஸ்டிக்கையும் சேர்த்துக் கரைத்துவிடும்.

சில கீபோர்டுகளைப் பிளாஸ்டிக் முளைகளை உருக்கிப் பூட்டியிருப்பார்கள். ஒரு பட்டன் மட்டும் மந்தம் என்பதற்காக அந்த முளைகளை வெட்டாதீர்கள். ஒரு சொட்டு ஆல்கஹாலைப் பட்டன் ஓரமாக விட்டு, பலமுறை அமுக்கி, காயவிட்டுப் பார்க்கலாம். அது நன்றாக ஆவியாகிவிடும், எண்ணெய் மாதிரி தங்காது.

சரியானதும் சார்ஜரை மாட்டிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். 1975 காலத்து ஹெச்பி-21, ஹெச்பி-25 போன்றவற்றில் உள்ளே நல்ல பேட்டரி இல்லாமல் சார்ஜரைச் செருகினால், வோல்டேஜ் ஏறி அதுவரை பிழைத்திருந்த ஐசி நிஜமாகவே போய்விடலாம். அந்த ஐசியைத் தயாரிப்பது நின்று எத்தனையோ காலம் ஆயிற்று; இன்னொரு பழுதான மெஷினிலிருந்துதான் பிடுங்கி எடுக்க வேண்டியிருக்கும்.